பிஏ சீட் கிடைக்கவில்லை, நர்சிங்குக்குப் போகலாமா?

கடந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் அண்ணன் மகள் ஹூஸ்டனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்கு ஒன்றும் போகவில்லை. பிஸிஷியன் அசிஸ்டன்ட், சுருக்கமாக பிஏ, அதாவது மருத்துவரோடு சேர்ந்து நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதுகிறவர்; அந்தப் படிப்புக்கு ஆறு பள்ளிகளில் விண்ணப்பித்திருந்தாள். நான்கு பள்ளிகள் மறுத்துவிட்டன. ஐந்தாவது பதிலே போடவில்லை. ஆறாவது இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு, காத்திருப்போர் பட்டியலில் போட்டிருந்தது. தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "அத்தை, பேசாம நர்சிங் படிச்சிடவா? கையில ஒரு வேலை இருக்கும். அப்புறம் அதை வெச்சு பிஏ-வுக்குப் போயிடலாம்ல?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. பத்தொன்பது வருடமாக இந்த நாட்டில் நர்ஸாக இருக்கிறேன். வார்டில் சிஎன்ஏ-வாக, அதாவது நர்ஸுக்கு உதவியாளராக, வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பியர்லாந்து மீனாட்சி கோயிலில் பார்க்கிற பெற்றோர்கள் கேட்டிருக்கிறார்கள். இத்தனை நாளும் "நர்சிங் நல்ல படிப்புதானே, சேரட்டும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை வீட்டுப் பிள்ளை என்பதால் உட்கார்ந்து ஆண்டுக் கணக்கும் பணக் கணக்கும் போட்டுப் பார்த்தோம். என் பழைய பதில் பாதிதான் சரி என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

முதலில், இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். இரவு மூன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடல் அறுவைசிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் நோயாளி. ஒரு மணி நேரத்துக்கு முன்புவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது போர்வை நுனியை நோண்டிக்கொண்டிருக்கிறார். பிபி இன்னும் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் நாடித்துடிப்பு 88-லிருந்து 112-க்கு ஏறியிருக்கிறது, கை சில்லிட்டிருக்கிறது, சிறுநீர்ப் பையில் இரண்டு மணி நேரமாக அளவு ஏறவே இல்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து 'என்னவோ சரியில்லை' என்று போனை எடுப்பவர் நர்ஸ். வருகிறவர் பிஏ. வயிற்றை அழுத்திப் பார்க்கிறார், லாக்டேட், பிளட் கல்ச்சர், சி.டி. ஸ்கேன் எழுதுகிறார், ஆன்டிபயாடிக் தொடங்கச் சொல்கிறார், சர்ஜனை எழுப்புகிறார். அரை மணியில் அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். அந்த மருந்தை ஏற்றி, ஸ்கேனுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து, அவருடைய மனைவிக்கு விவரம் சொல்லி, விடியும்வரை அவருக்குக் காவலாக இருப்பது நர்ஸ்.

இரண்டுமே அந்த மனிதரைப் பிழைக்க வைக்கும் வேலைதான். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் கையும் மனதும் எதில் இருக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறு.

நம் வீடுகளில் பெரும்பாலோர் நினைப்பது இது: நர்சிங் முதல் மாடி, பிஏ இரண்டாம் மாடி, ஏறிப் போய்விடலாம். அப்படி ஒரு படிக்கட்டு கிடையாது. ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் வைத்திருப்பவரும் பயாலஜி பட்டதாரியும் பிஏ பள்ளிகளுக்குப் பொதுவான கேஸ்பா என்ற ஒரே விண்ணப்பத்தைத்தான் நிரப்ப வேண்டும், ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். சராசரியாக 27 மாதம் ஓடும் பிஏ படிப்பில் நர்ஸுக்கென்று ஒரு செமஸ்டர்கூடக் கழித்துக்கொள்ள மாட்டார்கள். பல நர்சிங் பள்ளிகள் கேட்கும் கெமிஸ்ட்ரி எளிமையான பாடம். பிஏ பள்ளிகள் ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் அல்லது பயோகெமிஸ்ட்ரி, எல்லாவற்றுக்கும் லேப் என்று கேட்கின்றன. நர்ஸாக இருந்த அனுபவம், பிஏ பள்ளிகள் கேட்கும் நோயாளிப் பராமரிப்பு மணிக்கணக்கில் மிக உயர்ந்த தரமாக மதிக்கப்படும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒன்றுதான் கிடைக்கும்.

ஏன் இப்படி இரண்டு வழிகளும் ஒன்றையொன்று தொடாமல் போகின்றன என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1950-களின் இறுதியில் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், தெல்மா இங்கிள்ஸ் என்ற நர்சிங் பேராசிரியரோடு சேர்ந்து, நர்ஸ்களுக்கு உயர்நிலை மருத்துவப் பயிற்சி தரும் முதுகலைப் படிப்பு ஒன்றை நடத்தினார். நர்சிங்குக்கான தேசிய லீக் அதற்கு அங்கீகாரம் தர மறுத்தது. ஸ்டெட் வேறு பக்கம் திரும்பினார். 1965-இல், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நான்கு பேரை வைத்து முதல் பிஏ வகுப்பைத் தொடங்கினார். அதே 1965-இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் (என்.பி.) பயிற்சியை, அதாவது நர்ஸே மேலே படித்து நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் பயிற்சியை, ஆரம்பித்தார்கள். அந்த அங்கீகாரம் கிடைத்திருந்தால் இன்று பிஏ என்ற தொழிலே நர்சிங்கின் ஒரு கிளையாக இருந்திருக்கலாம். அப்படி நடக்காததால் நர்ஸ்கள் மேலே போக என்.பி. என்றும், மற்றவர்களுக்கு பிஏ என்றும் தனித்தனிப் பள்ளி, தனித்தனித் தேர்வு, தனித்தனி வாரியம் ஆகிவிட்டது.

சரி, ஆண்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் அன்று எழுதியது இப்போதும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

முதல் வழி, விண்ணப்பத்தைச் சரிசெய்து வருகிற ஏப்ரலில் மறுபடி போடுவது. சீட் கிடைத்தால் அதற்கடுத்த ஆண்டு வகுப்பு, பிறகு 27 மாதம். அந்த ஏப்ரலிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய மூன்றரை ஆண்டில் பிஏ. இரண்டாவது வழி அவள் கேட்டது. ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பவர்களுக்கான ஆக்சிலரேட்டட் பி.எஸ்.என்., அதாவது வேகமாக முடியும் இளங்கலை நர்சிங், 12 முதல் 18 மாதம் வரை. சேர்வதற்குமுன் நியூட்ரிஷன், டெவலப்மென்டல் சைக்காலஜி என்று விட்டுப்போன பாடங்களை முடிக்க வேண்டும். என்சிலெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வு எழுதி ஆர்.என். ஆக இரண்டு ஆண்டு. ஒரு வருடமாவது வேலை பார்க்காமல் விண்ணப்பித்தால் அந்த ஆர்.என்.-க்கு மதிப்பில்லை. அதன்பின் கேஸ்பா, காத்திருப்பு, 27 மாதம். கூட்டினால் ஆறரை ஆண்டு. மூன்றாவது, நர்சிங் முடித்து அதே வழியில் என்.பி. ஆவது. ஆர்.என். ஆக இரண்டு ஆண்டு, வார்டில் ஒன்றிரண்டு ஆண்டு, பிறகு வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக மூன்று ஆண்டு. அதுவும் ஆறு, ஏழு ஆண்டில் வந்து நிற்கிறது.

இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடிவதைப் பார்த்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வித்தியாசம் பணத்தில்தான். பிஏ படிக்கும்போது வேலை பார்க்க முடியாது, பல பள்ளிகள் கூடாது என்றே எழுதிவிடும். பகுதிநேர என்.பி. மாணவிக்குச் சம்பளம் நிற்காது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே கணக்குப்படி ஆர்.என். இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 93,600 டாலர், என்.பி. 129,210, பிஏ 133,260. ஆர்.என். வேலையை விட்டுவிட்டு 27 மாதம் பிஏ படிக்க உட்கார்ந்தால், கைக்கு வராமல் போகும் சம்பளம் மட்டும் இரண்டு லட்சம் டாலருக்கு மேல். படிப்பு முடிந்தபின் பிஏ-வுக்கும் என்.பி.-க்கும் சம்பளத்தில் உள்ள வித்தியாசமோ ஆண்டுக்கு ஏறக்குறைய நான்காயிரம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் பெரும்பாலான ஆர்.என்.கள் மேலே படிக்க நினைக்கும்போது என்.பி. பக்கம் போகிறார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் நர்ஸாக இருந்து பிஏ ஆனவர் ஒரே ஒருவர்தான். என்.பி. ஆனவர்களை எண்ண ஒரு கை போதாது.

கடனையும் பாருங்கள். இரண்டாவது இளங்கலைப் பட்டத்துக்குப் பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை கிடையாது. இளங்கலைக்கான கூட்டாட்சிக் கடனுக்கு வாழ்நாள் உச்சவரம்பு உண்டு, முதல் பட்டத்துக்கு வாங்கியதும் அதில் சேரும். தனியார் பள்ளி ஆக்சிலரேட்டட் படிப்புக்கு ஐம்பது, அறுபதாயிரம் டாலர் ஆவது சாதாரணம். அதன்மேல் பிஏ படிப்பு, பல இடங்களில் ஒரு லட்சத்தைத் தாண்டும். போதாததற்கு, மேற்படிப்புக்கு முழுச் செலவையும் கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு இல்லை. பொதுவான மேற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர்தான் வரம்பு. தான் சேரும் படிப்பு எந்த வரம்பில் வருகிறது என்பதைப் பள்ளியின் நிதியுதவி அலுவலகத்திடம் எழுத்தில் வாங்காமல் யாரும் முன்பணம் கட்ட வேண்டாம்.

என்.பி.-யும் பிஏ-வும் ஒன்றேதானா என்றால், இல்லை. பிஏ படிப்பு மருத்துவக் கல்லூரி முறையில் நடப்பது: சர்ஜரி, குழந்தைகள், மகப்பேறு, மனநலம், எமர்ஜென்சி என்று எல்லாத் துறையிலும் சுற்றிவந்து ஏறக்குறைய 2,000 மணி நேரம் பயிற்சி. பிறகு 300 கேள்விகள் கொண்ட பான்ஸ் என்ற தகுதித் தேர்வு. முடித்தவர் இன்று எலும்பு முறிவு, நாலு வருடம் கழித்துத் தோல் என்று மாறலாம், புதுப் பட்டம் தேவையில்லை. என்.பி. படிக்கும்போதே குடும்ப நலமா, மனநலமா, குழந்தைகளா என்று தேர்ந்தெடுத்துவிட வேண்டும். பிறகு மாற வேண்டுமானால் மறுபடி சான்றிதழ்ப் படிப்பு. பயிற்சி மணிகளும் அங்கே குறைவு. ஆனால் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் என்.பி. மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் சொந்தமாகக் கிளினிக் நடத்தலாம். எங்கள் டெக்ஸாஸில் இரண்டு பேருக்குமே மருத்துவரோடு ஒப்பந்தம் வேண்டும். அறுவைசிகிச்சை அரங்கில் நிற்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு பிஏ-தான் நேர்வழி என்பது என் கருத்து.

இதெல்லாம் பேசி முடித்த பிறகுதான் அவளுடைய விண்ணப்பத்தைத் திறக்கச் சொன்னேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கேஸ்பா ஏப்ரல் கடைசியில் திறக்கிறது. பெரும்பாலான பள்ளிகள் வர வரப் பார்த்து, அவ்வப்போது இன்டர்வியூ வைத்து, சீட்டை நிரப்பிக்கொண்டே போகின்றன. இவள் அனுப்பியது செப்டம்பர் 20. அவள் அனுப்பும்போது பந்தியில் பாதி இலை எடுத்தாகிவிட்டது. ஆறு பள்ளிகளில் இரண்டு, தங்கள் மாநிலத்துப் பிள்ளைகளுக்கே முன்னுரிமை என்று இணையதளத்தில் வெளிப்படையாகச் சொல்பவை. 1,400 மணி நேர அனுபவத்தில் 900 மணி டாக்டருக்குப் பின்னால் நின்று டைப் அடித்த ஸ்க்ரைப் வேலை. அதைச் சில பள்ளிகள் நேரடிப் பராமரிப்பாகவே எண்ணுவதில்லை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி பிளஸ். தன்னைப் பற்றி எழுதிய கட்டுரையில் 'சிறு வயது முதல் மற்றவர்களுக்கு உதவ ஆசை' என்று இருந்தது. அந்தக் கட்டுரையில் பிஏ என்ற சொல்லை எடுத்துவிட்டு நர்ஸ் என்று போட்டுப் படித்துக் காட்டினேன். ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவள் முகம் வாடிவிட்டது, எனக்கும் கஷ்டமாக இருந்தது, ஆனால் யாராவது சொல்லத்தானே வேண்டும்.

இந்த ஐந்து குறையில் நர்சிங் பள்ளி தீர்த்துவைப்பது ஒன்றை மட்டும்: மணிக்கணக்கு. தாமதமாக அனுப்பியதையோ, தவறான பள்ளிகளைத் தேர்ந்ததையோ, சி பிளஸையோ, கட்டுரையையோ அது தொடாது. கேஸ்பாவில் ஒரு பாடத்தை மறுபடி எழுதினாலும் பழைய மதிப்பெண் அழியாது, இரண்டையும் சேர்த்தே சராசரி போடுவார்கள். அதோடு பல பள்ளிகள் அறிவியல் பாடங்கள் ஐந்து, ஏழு, பத்து ஆண்டுக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்கின்றன. நர்சிங்கைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் கல்லூரி இரண்டாம் ஆண்டில் படித்த அனாடமி காலாவதியாகிவிடும். நர்சிங் பள்ளியும் லேசான இடமல்ல. சராசரி 75-க்குக் கீழே போனால் ஃபெயில் என்ற பள்ளிகள் பல. நான்கு விடையும் சரியாகத் தெரிகிற கேள்வியில் 'முதலில் எதைச் செய்வாய்' என்று கேட்பார்கள். பயாலஜியில் ஏ வாங்கிய பிள்ளைகள் முதல் பரீட்சையில் அழுது பார்த்திருக்கிறேன்.

கடைசியாக இன்டர்வியூவில், நர்ஸாக வரும் யாரையும் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஏன் என்.பி. படிக்கவில்லை? 'பிஏ கிடைக்காததால் நர்சிங் படித்தேன்' என்பது உண்மையாக இருந்தாலும் அங்கே பதிலாகாது.

அப்படியானால் நர்சிங் வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. இவளுடைய அறைத்தோழி, வியட்நாமியக் குடும்பத்துப் பெண், இவளைப் போலவே பிஏ என்று கிளம்பியவள். இருவரும் ஒரே மருத்துவமனையில் சிஎன்ஏ-வாகப் பகுதிநேரம் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் இருவரிடமும் கேட்டேன், இந்த வாரம் வேலையில் எது பிடித்தது என்று. தோழி, சாப்பிட மறுத்த ஒரு முதியவரைப் பற்றிச் சொன்னாள். ஸ்பூனை நாம் பிடித்தால் வாயை மூடிக்கொள்வாராம். அவர் கையில் ஸ்பூனைக் கொடுத்து, இவள் அவர் மணிக்கட்டை மட்டும் தாங்கிப் பிடித்தபோது முழுக் கிண்ணம் சூப்பும் இறங்கியதாம். சொல்லும்போது தன் மணிக்கட்டையே பிடித்துக் காட்டினாள். என் அண்ணன் மகள் சொன்னது வேறு. ஒருவருக்குக் காலுறை மாட்டும்போது இடது கெண்டைக்கால் மட்டும் பெருத்திருப்பதைப் பார்த்து நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள். பிஏ வந்து அல்ட்ராசவுண்டு எழுத, இரத்தக் கட்டி இருந்தது. ஷிஃப்ட் முடிந்து காரில் ஏறியவள், ஸ்டார்ட் பண்ணாமலே அரை மணி நேரம் போனில் அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாளாம்.

தோழி 15 மாதப் படிப்பில் சேர்ந்து, முடித்து, இப்போது ஐசியூவில் இருக்கிறாள். மயக்கமருந்து நர்ஸ் ஆகும் எண்ணம் வந்திருக்கிறது. அதற்கு ஐசியூ அனுபவம் ஓராண்டாவது வேண்டும், படிப்பும் இப்போது முனைவர் நிலை. அவளுக்கு நர்சிங் மாற்று வழியே அல்ல, அவள் வழியே அதுதான். அவளைப் போன்றவர்கள் தாராளமாக வரட்டும், வார்டுகளில் எங்களுக்கு ஆள் வேண்டும். இரண்டு, மூன்று முறை முயன்றும் சீட் கிடைக்காதவர்கள், வீட்டில் சம்பளம் உடனே தேவைப்படுகிறவர்கள், இவர்களுக்கும் நர்சிங்கைத்தான் சொல்வேன். கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு அசோசியேட் பட்டத்தோடும் ஆர்.என். ஆகலாம், செலவு வெகு குறைவு.

நம்மவர்களில் கிரீன் கார்டு இல்லாத குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 பிள்ளைகள் 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், அவர்களுக்குக் கூட்டாட்சிக் கடன் கிடையாது, குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கும் பிஏ பள்ளிகளும் உண்டு. சாதாரண ஆர்.என். பணிக்கு எச்-1பி கிடைப்பது கடினம், ஏனென்றால் இளங்கலை இல்லாமலும் அந்த வேலைக்கு வர முடியும். பிஏ-வுக்கு முதுகலை தேவை என்பதால் அங்கே அந்தச் சிக்கல் இல்லை. கிரீன் கார்டில் நிலைமை தலைகீழ்: நர்ஸ் வேலை 'ஷெட்யூல் ஏ' என்ற ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் இருப்பதால், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டும் லேபர் சர்டிபிகேஷன் தேவையில்லை, பிஏ அதில் இல்லை. ஆனாலும் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை இதனால் ஒரு நாள்கூடக் குறையாது. வக்கீலிடம் பேசாமல் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஊரிலிருந்து கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் 1992-இல் இந்தியாவின் முதல் பிஏ படிப்பைத் தொடங்கினார், இன்று பல கல்லூரிகளில் அது இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டத்தை வைத்து இங்கே பான்ஸ் எழுத முடியாது. பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர் சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டு என்சிலெக்ஸ் எழுதலாம், நானும் அப்படி வந்தவள்தான்.

ஜனவரியில் என் அண்ணன் மகள் ஸ்க்ரைப் வேலையை விட்டுவிட்டு முழுநேர சிஎன்ஏ-வாகச் சேர்ந்தாள், வாரம் மூன்று இரவு. செவ்வாய், வியாழன் மாலையில் கம்யூனிட்டி காலேஜில் பயோகெமிஸ்ட்ரி. பதினான்கு பள்ளிகளைக் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். எந்தப் பள்ளி எத்தனை ஆண்டுப் பழைய பாடத்தை ஏற்கும், ஸ்க்ரைப் மணிகளை எப்படி எண்ணும், எல்லாம் அதில் இருக்கிறது. கேஸ்பா கட்டணமே ஆயிரம் டாலரை நெருங்குகிறது, பள்ளிகள் தனியாகக் கேட்பது அதற்குமேல். அண்ணி முதலில் முணுமுணுத்தார், அண்ணன் கட்டிவிட்டார். மே மாதம் முடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. டிசம்பர்வரை ஒரு சீட்டும் வராவிட்டால் மறுபடி என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காருவோம். அன்றைக்கு நர்சிங் பற்றிப் பேசினால், அதில் பிஏ என்ற பேச்சே வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றாள்.